தோல் டொக்டரின் வரிசை

“இல்லம்மா, நான் யார்ட்லதான் நிக்கிறேன். லொறிச் சத்தம் கேக்கலியா?”

வெள்ளவத்தையில், டொக்டர்மாரைக் காசு கட்டி நம்பர் எடுத்துப் பார்க்கும் சேனல் சென்டரில் எனக்கு வேலை. அதன் மாடிப்படியில், தேநீர்க் கோப்பையோடு ஏறும்போது இதைக் கேட்டேன். சொன்னவருக்கு நாற்பது வயதிருக்கும். சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று போனைப் படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே, லொறிகள் ஓடும் காலி வீதிப் பக்கமாக நீட்டிப் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் கையை உள்ளே இழுத்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் கண்டதை அவர் காணாவிட்டால் சரி என்பதுபோல.

நம்பர் கொடுக்கிறவளுக்கு நோய்களைப் பற்றி ஒன்றும் தெரியத் தேவையில்லை. பொய்களைப் பற்றித் தானாகவே தெரிந்துவிடும். கவுண்டருக்குப் பின்னால் நாள் முழுக்க இருந்து, அடுத்தவர் வீட்டு விஷயத்தைக் கேட்டும் கேளாததுபோல் முகத்தை வைத்திருக்கும் வேலை உங்களுக்கும் என்றால், இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான் படித்தது புவியியல். மனிதர்களோடு அதிகம் கதைக்கவேண்டாம் என்றுதான் அதை எடுத்தேன். கிடைத்த வேலையோ ஆட்களைக் கூப்பிடும் வேலை. எனக்குச் சத்தமும் வராது. அதனாலேயே மன டொக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு என்னைப் பிடிக்கும் என்று தாதி ரஞ்சி அக்கா சொல்வார். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சிலர் தாங்களே மாற்றித் தந்த பெயர்களை நான் இன்னொரு தடவை மாற்றியிருக்கிறேன்.

காலி நாற்காலிகள்

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்களிடம் இரண்டு டொக்டர்மார் வருவார்கள். மூன்றாம் அறையில் தோல் டொக்டர். நாலாம் அறையில் மன டொக்டர். இரண்டு வாசலிலும் எட்டு எட்டு நாற்காலிகள். மூன்றாம் அறை வாசலில் நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். நாலாம் அறை வாசலில் எட்டும் காலியாக இருக்கும். என் பட்டியலிலோ நாலாம் அறைக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பத்துப் பேரும் தோல் டொக்டரின் வரிசையில் இருந்து, கைமுட்டியை ஒரு தடவை சொறிந்து காட்டுவார்கள். பெரும்பாலும் ஆண்கள்.

நாலாம் அறைக் கதவுக்கு ஒரு குணம் உண்டு. கைவிட்டால் தானாகப் போய் டமாரென்று அடித்துச் சாத்திக்கொள்ளும். மாடி முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். திருத்தச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு நாள் ஐம்பது வயது அம்மா ஒருவர், கழுத்தெல்லாம் சிவந்த தடிப்போடு, நிற்க முடியாமல் போய் நாலாம் அறை வாசலில் இருந்துவிட்டார். எதிர் வரிசை ஆண்கள் எல்லாரும் அவரை அத்தனை இரக்கத்தோடு பார்த்தார்கள். அவர் எழும்பி என்னிடம் வந்து, எல்லாருக்கும் கேட்கத் தக்கதாகச் சொன்னார்: “பிள்ளை, எனக்குச் சத்தியமா தோல் கடிதான். அங்க இருக்கிறவைக்கு என்ன எண்டு நான் கேக்கேல்லை.”

பழகாத பெயர்

“ரமேஷ்” என்று கூப்பிட்டேன். ஒருவரும் எழும்பவில்லை. எனக்கு வரக்கூடிய மிகப் பெரிய சத்தத்தில் இன்னும் நாலு தடவை கூப்பிட்டேன். உள்ளே டொக்டர் மணியை அடித்தார். வேறு வழியில்லாமல் பட்டியலில் இருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். எனக்கு மூன்றடி முன்னால், முதல் நாற்காலியில் இருந்தவரின் சட்டைப் பையில் பக்திப் பாட்டு ஒன்று ஒலித்தது. பம்பலப்பிட்டியில் கணக்காளராக இருக்கும் மனிதர். நெற்றியில் திருநீறு, மடியில் நாலாக மடித்த பத்திரிகை. போனை எடுத்துக் காதில் வைத்து, “ஹலோ?” என்று என்னையே பார்த்துக் கேட்டார்.

“நீங்கள்தான் ரமேஷா?” என்று நானும் போனிலேயே கேட்டேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, பத்திரிகையால் வாயை மறைத்துக்கொண்டு, போனுக்குள் மெதுவாகச் சொன்னார்: “ஓம் பிள்ளை, நான்தான். குறை நினையாதேங்கோ, இந்தப் பேர் இன்னும் பழகேல்லை.”

இதயத்தில் ஏதாவது

படிக்கட்டில் பொய் சொன்னவரைப் பெனடிக்ட் என்று வைத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனைக்காரர். பக்கத்திலேயே டொக்டர்மார் இருக்க, இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்கு வருவார். அங்கே பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கேட்பார்களாம். எப்போதும் கடைசி நம்பரான பத்தைத்தான் கேட்டு வாங்குவார். எட்டாம் நம்பர் உள்ளே போனதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கீழே இறங்குவார். திரும்பி வரமாட்டார். அப்படியே மூன்று வெள்ளிக்கிழமைகள்.

மூன்றாம் தடவை நம்பர் எடுக்கும்போது கவுண்டரில் வேறு யாரும் இல்லை. அவராகவே கதைத்தார். ஒருகொடவத்தையில் கன்டெய்னர் யார்ட்டில் வேலை. பெட்டி தூக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. இவர் கீழே நின்று கைகாட்டுவார். ‘வா, வா, மெதுவா’ என்றால் கையை உயர்த்தி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கவேண்டும் என்று காட்டினார். விரல்கள் மடங்கவில்லை, நடுங்கின. கையைக் கவுண்டருக்குக் கீழே வைத்துக்கொண்டார். சரியாகத் தூங்கி இரண்டு மாதமாம். போன வாரம் இந்தக் கை தவறாகக் காட்டிவிட்டது. பெட்டி இறங்கிய இடத்தில், இறங்குவதற்குச் சற்று முன்புவரை ஒரு மனிதன் குனிந்து நின்று சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தான்.

“யாரிட்டயாவது சொன்னீங்களா?” என்று கேட்டேன். வேலையிடத்தில் சொன்னால் வேலை போகும், வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள் என்றார். நெஞ்சு அடைக்கிறது என்று மட்டும் சொல்லி மூன்று தடவை இ.சி.ஜி. எடுத்தாயிற்று. மூன்றும் சுத்தம். அந்தத் தாள்களை ஒரு பைலில் போட்டுக் கையோடு வைத்திருந்தார். அதைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “இதயத்துல ஏதாவது இருந்திருந்தா நல்லா இருக்கும் மிஸ். வீட்டுல தலை நிமிர்ந்து சொல்லலாம்.”

அன்றைக்கும் எட்டாம் நம்பரோடு இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலை என்றால் நான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். யார்ட்டில் அந்த நேரம் அவர் கையை உயர்த்திக்கொண்டு நிற்பார். கீழே யாராவது குனிந்திருப்பார்கள்.

மனைவிக்கு வந்த வருத்தம்

காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பெரிய பதவியில் இருக்கும் ஐயா ஒருவர், மனைவியின் பெயரில் நம்பர் எடுத்தார். “அவவுக்கு ஏலாது, நான் டொக்டரிட்ட விளங்கப்படுத்துறன்” என்று தனியாகவே உள்ளே போனார். போவதற்கு முன் அந்த நோயை எனக்கும் விளங்கப்படுத்தினார். விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு வருகிறதாம். லிப்டில் ஏறினால் மூச்சு முட்டுகிறதாம். மீட்டிங்கில் எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் கை வேர்க்கிறதாம். பாவம், அந்த மனுசி எப்படித் தாங்குகிறாவோ என்று நான் நினைத்தேன்.

டொக்டர் அடுத்த தடவை மனைவியையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். வந்தார். அமைதியான பெண்மணி, கையில் பின்னல் ஊசியும் நூலும். நான் மரியாதைக்கு, “இப்ப ஒபிஸ் மீட்டிங் எல்லாம் எப்பிடி அன்ரி, கொஞ்சம் பரவாயில்லையா?” என்று கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாது என்று கேட்டபிறகுதான் தெரிந்தது. அவர் கணவரைப் பார்த்தார். கணவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். அவர் நூலைப் பைக்குள் வைத்துவிட்டு, கணவரின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “நான் ஒபிசுக்குப் போனதே இல்லைப் பிள்ளை. சரி, எனக்கு என்னென்ன வருத்தம் எண்டு உள்ள போய்க் கேட்டுக்கொண்டு வாறன்.”

ஒரு கடிதம்

ஜிம் கை என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று விளம்பரத்தில் காட்டும் கை அந்த இளைஞருக்கு. இருபத்தேழு வயது. நுகேகொடையில் போன் கடை. வலது கை விரல் முட்டிகள் நாலிலும் காய்ந்த காயம். கேட்காமலே, “மதில்” என்றார். கோபம் வந்தால் மனிதர்களை அடிக்கமாட்டாராம், மதிலைத்தானாம். கட்டப்போகிற பெண் மதிலைப் பார்த்துவிட்டு, டொக்டரிடம் போய்வந்தால்தான் கலியாணம் என்று சொல்லிவிட்டாள். அவளைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் என் குரலைவிடச் சின்னதாக இருந்தது. “எனக்கு ஒண்டும் இல்லை எண்டு டொக்டர் ஒரு கடிதம் தந்தாக் காணும் மிஸ். ஐஞ்சு நிமிசம்” என்றார்.

நாற்பது நிமிடம் உள்ளே இருந்தார். ஒன்பதாம் நம்பர்காரர் என்னை முறைத்தார். கதவு டமாரென்று சாத்த, மாடி முழுக்கத் திரும்பிப் பார்க்க, அவர் வெளியே வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. கடிதத் தாளை எடுத்து முன்னால் வைத்தேன். அவர் அந்தத் தாளில் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: “கடிதம் வேண்டாம். அடுத்த வெள்ளிக்கும் ஒரு நம்பர் போடுங்கோ.”

வீட்டில்

என் அண்ணா தினமும் நான் செருப்பைக் கழற்ற முன்னரே கேட்பான்: “என்னடி, உன்ர பைத்தியங்கள் எப்பிடி?” நான் பதில் சொல்வதில்லை. அவனும் எதிர்பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் அது ‘சாப்பிட்டியா’ என்பதுபோல.

அவன் வேலை செய்த கம்பனி ஆட்களைக் குறைத்த மாதத்தில் இருந்து கேள்வி நின்றுவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒபிஸ் சட்டை போட்டு, லப்டொப் பையோடு வெளிக்கிட்டுப் போவான். எங்கே போகிறான் என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கல்லில் இருப்பதை ஒரு மத்தியானம் கண்டேன். அன்று மாலை நான் சாப்பிடும்போது எதிரே வந்து இருந்தான். என் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த அப்பளத்தை நொருக்கிக்கொண்டே, அப்பளத்தையே பார்த்துக் கேட்டான்: “அங்க வாற ஆக்கள், பிறகு சுகப்படுகினமோ?”

சிலர் என்றேன். ஐந்தாம் நம்பர் எப்போதும் காலியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னேன். அது பொய்.

நான் சொன்ன பொய்

வெள்ளிக்கிழமை காலையில் நம்பர் எடுத்தவர்களுக்கு ஞாபகப்படுத்திப் போன் எடுக்கவேண்டும். அது எங்கள் வழக்கம். நாலாம் அறை ஆட்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வேறு யாராவது எடுத்தால் ‘பிழையான நம்பர்’ என்று சொல்லி வைத்துவிடவேண்டும். ரஞ்சி அக்கா முதல் நாளே சொல்லித் தந்தது.

நாலாம் வெள்ளிக்கிழமை பெனடிக்டின் இலக்கத்துக்கு எடுத்தேன். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். எடுத்தது பெண் குரல். “பெனடிக்ட்...” என்று தொடங்கியபிறகு பிழையான நம்பர் என்று சொல்ல முடியுமா? அது அவர் மனைவி. சேனல் சென்டர் என்று நான் சொன்னதும் எந்த டொக்டர் என்று கேட்டார். எதிரே தெரிந்தது மூன்றாம் அறைப் பலகை. “தோல் டொக்டர்” என்றேன். “தோலா? என்கிட்ட மறைக்கிற மாதிரி தோல்ல என்ன?” என்று கேட்டார். என்னிடம் அல்ல, தன்னிடமே கேட்டதுபோல் இருந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அன்று பெனடிக்ட் வரவில்லை. எட்டாம் நம்பரோடு இறங்கிப் போகிறவர், இந்தத் தடவை ஏறவே இல்லை. பத்தாம் நம்பரை நான் ஏழு தடவை கூப்பிட்டேன். ரஞ்சி அக்காவிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுச் சொன்னார்: “நெஞ்சு எண்டு சொல்லியிருந்தாலும் மனுசி தேத்தண்ணி போட்டுக் குடுத்திருப்பா. நீ தோல் எண்டு சொல்லிப்போட்டாய். இனி அவர் எங்க போனவர், ஆரிட்டப் போனவர் எண்டெல்லோ அவ யோசிப்பா!”

பத்தாம் நம்பர்

அடுத்த புதன்கிழமை ஒரு பெண் போன் எடுத்துத் தோல் டொக்டருக்கு நம்பர் கேட்டார். நோயாளியின் பெயர் பெனடிக்ட், கொட்டாஞ்சேனை. குரல் எனக்குத் தெரிந்த குரல். பன்னிரண்டாம் நம்பர் கொடுத்தேன். போனை வைத்தபிறகு, யாரும் கேட்காமலே நாலாம் அறைப் பட்டியலை எடுத்து, பத்தாம் இடத்திலும் அவர் பெயரை எழுதினேன். இந்த வேலையில் நான் கேட்காமல் செய்த முதல் காரியம் அது. இரண்டு நாளும் அதை அழிக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். வழக்கம்போல் தோல் டொக்டரின் வரிசை. அவர் முழுக்கை சட்டை போட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தார். மனைவி பக்கத்தில், கைப்பையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு இருந்தார். நாலாம் அறைக்குள் எட்டாம் நம்பர் போனபோது அவர் பழக்கத்தில் போனை எடுத்தார். மனைவி திரும்பிப் பார்த்தார். போனை மறுபடி பைக்குள் வைத்தார்.

ஒன்பதாம் நம்பர் போனதும் மனைவி எழும்பி என்னிடம் வந்தார். கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்த வீட்டில் தூங்காதவர் இப்போது ஒருவர் அல்ல, இருவர் என்று விளங்கியது.

“மிஸ், உங்களுக்குத் தெரியும். அந்த மனுசன் வாயைத் திறக்கிறார் இல்ல. கேட்டா சுவரைப் பாக்கிறார். எனக்கு உண்மையைச் சொல்லுங்க. எனக்கும் புள்ளைங்களுக்கும் ஒட்டுமா?”

சத்தமாகத்தான் கேட்டார். பெனடிக்ட் தலையைத் தூக்கினார். நான் குனிந்து பட்டியலைப் பார்த்தேன். அந்த நேரம் நாலாம் அறைக் கதவு டமாரென்று அடித்தது. ஒன்பதாம் நம்பர் வெளியே. உள்ளே டொக்டரின் மணி. மனைவி பெருமூச்சு விட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார்.

“நாலாம் அறை. பத்தாம் நம்பர்” என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. பெனடிக்ட் என்னைப் பார்த்தார். நான் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். மூன்றாம் அறை வாசலில் ரஞ்சி அக்கா பதினோராம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டு, பன்னிரண்டை ஆயத்தமாக இருக்கச் சொன்னார். மனைவி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“நாலாம் அறை, பத்தாம் நம்பர்” என்று இன்னொரு தடவை கூப்பிட்டேன். என் சத்தம் எனக்கே பயமாக இருந்தது.

“யாரோ பாவம், எழும்புறாங்க இல்ல” என்றார் மனைவி.

பெனடிக்ட் எழும்பினார்.

“நம்ம நம்பர் பன்னெண்டு. அது அந்த டொக்டர் இல்ல” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார் மனைவி.

“எனக்குத் தோல்ல ஒண்ணுமில்ல” என்றார்.

“அப்ப?”

பெனடிக்ட் காலியாக இருந்த எட்டு நாற்காலிகளையும் கடந்து, இ.சி.ஜி. பைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நாலாம் அறைக் கதவைத் திறந்தார். அது அடித்துச் சாத்திக்கொள்ளாமல் முதுகால் முட்டுக்கொடுத்து நிறுத்தினார். பிறகு மனைவியைப் பார்த்து, யார்ட்டில் காட்டுவதுபோல் கையை உயர்த்தி, நடுங்கும் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.